நம் வீட்டுத் தரையை உடைப்பதற்கு முன்



போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் சில படங்கள் போட்டிருந்தான். அமெரிக்காவில் அவன் வாங்கியிருக்கும் பழைய வீட்டின் மரத்தரை. வாங்கும்போது கறுத்து மங்கி, செருப்புத் தடமும் காப்பிக் கறையுமாக இருந்தது. பத்து நாள் உழைத்துத் தேய்த்த பிறகு தேன் நிறத்தில் மின்னுகிறது. எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன்.

அன்று மாலையே அதே குழுவில் இன்னொரு பேச்சு கிளம்பியது. "கல்லங்குறிச்சி வீட்டுச் சிவப்புத் தரை மங்கிப்போய்க் கிடக்கிறது. ராமநவமிக்குள் உடைத்துவிட்டு டைல்ஸ் போட்டுவிடலாமா?" ஐந்து பேர் உடனே கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். அங்கே பழைய தரையைக் காப்பாற்றியதற்குக் கைதட்டியவர்களும் இவர்கள்தான்!

அது நான் பிறந்து வளர்ந்த வீடு. இன்று தம்பி குடும்பம் அங்கே இருக்கிறது. முடிவு அவர்கள் எடுக்கவேண்டியது. ஆனால் உடைப்பதற்கு முன், காலடியில் கிடப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? இரண்டு வரியில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். என் மாணவர்களில் பலர் வீட்டிலும் இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்தது போலப் பொறுமையாகப் படியுங்கள்.

மரத்தரை சொல்லும் பாடம்

முதலில் அவன் என்ன செய்தான் என்று பார்ப்போம். அந்த ஊர்ப் பழைய வீடுகளில் ஓக், மேப்பிள் போன்ற கடின மரப் பலகைகளைத் தரையாகப் பாவியிருப்பார்கள். மரத்தின் மேல் ஷெல்லாக், வார்னிஷ், மெழுகு என்று ஏதாவது ஒரு பூச்சு இருக்கும். ஷெல்லாக் என்பது வேறொன்றுமில்லை, நம் அரக்கு. இன்றைய ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் புரசு, இலந்தை மரக் கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுரண்டி எடுத்து, உருக்கி, மெல்லிய தகடாக்கிக் கப்பலேற்றினார்கள். நம் நாட்டுப் பூச்சி சுரந்த பிசின்தான் அங்கே பல வீடுகளில் தரைக்குப் பளபளப்பு கொடுத்தது. பின்னால் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பூச்சு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அவன் எனக்கு போனில் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது. "அத்தை, மரம் கெட்டுப்போகவே இல்லை. அதற்கு மேல் பூசியதுதான் கெட்டிருந்தது." மெழுகின் மேல் அழுக்கு, அழுக்கின் மேல் மறுபடி மெழுகு என்று வருடக்கணக்கில் ஏறிய படலம்தான் கறுத்திருந்தது. அதை எடுத்ததும் மரம் தானாகத் தெரிந்தது. புதிதாக அவன் சேர்த்தது கடைசியில் மெல்லிய ஒரு பூச்சு மட்டுமே.

நம் சிவப்புத் தரைக்கும் இது அப்படியே பொருந்தும்.

நம் ஊரில் மரத்தரை ஏன் இல்லை?

மரத்தைப் பற்றித் தெரியாததால் அல்ல. தூண், உத்திரம், நிலை, கதவு எல்லாம் மரத்தில் செய்த ஊர்தான் இது. ஆனால் தரையில் மரம் பாவினால் கறையான் விடாது. நம் வெயிலுக்குக் காலடியில் குளிர்ச்சி தேவை. குளிர்நாட்டில் காலடியில் கதகதப்பு தேவை. அங்கே மரம், இங்கே மண், கல், சுண்ணாம்பு.

பழைய மாடி வீடுகளில் மட்டும் மரம் தரைக்கு அடியில் ஒளிந்திருக்கும். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வார்களே, அதில் தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் குத்துக்குத்தாக நிறுத்தி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டிப்பார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மரம். மேலே நின்று பார்த்தால் தளம்.

நம் பகுதியில் எல்லாவற்றிலும் கடினமான மரம் எது என்றால் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரம்தான்! 18 மீட்டர் நீளம். புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதை உலகுக்கு அறிவித்தார். பள்ளிச் சுற்றுலாவில் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் உங்களில் பலர்.

மண்ணும் சாணமும்

சிமெண்டுக்கு முன் நம் வீடுகளில் என்ன தரை இருந்தது? பெரும்பாலான வீடுகளில் மண்தரை. செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் அடித்துக் கெட்டிப்படுத்தி, சாணம் கரைத்து மெழுகுவது. அது குளிர்ச்சி, அழகு என்று இன்று நாம் பேசிக்கொள்கிறோம். உண்மைதான். ஆனால் அதை மெழுகியது யார்? வாரத்துக்கு ஒரு முறை, விசேஷ நாட்களில் விடியற்காலையில், குனிந்தபடியே வீடு முழுக்கக் கையால் மெழுகியவர்கள் நம் அம்மாக்களும் பாட்டிகளும். மழைக்காலத்தில் தரை ஈரம் விடாது. எலி வளை தோண்டும். சிமெண்ட் தரை வந்தபோது அவர்கள் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்பதை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே, பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை.

வசதியுள்ள வீடுகளிலும் கோயில்களிலும் அரண்மனைகளிலும் சுண்ணாம்புத் தளம் இருந்தது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ விறகோடும் கரியோடும் காளவாயில் அடுக்கிச் சுடுவார்கள். சுமார் 900 டிகிரி வெப்பத்தில் கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதைத் தண்ணீரில் நீற்றி, மணலும் செங்கல் பொடியும் சேர்த்து, மாடு இழுக்கும் கல் உருளையில் அரைத்துக் காரை ஆக்குவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது உண்டு. பூசிய காரை மாதக்கணக்கில் காற்றிலிருந்து கரியமில வாயுவை மறுபடி உறிஞ்சிக் கெட்டிப்படும். அதாவது கல் சுண்ணாம்பாகி, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. எட்டாம் வகுப்பு அறிவியலில் சுண்ணாம்பு நீரில் ஊதிப் பால் நிறமாக்கினோமே, அதே வேதியியல்தான்.

இந்தக் காரையின் கடைசிப் பூச்சை நன்றாக அரைத்து, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்தால் சலவைக்கல் மாதிரி மின்னும். சென்னைக்கு வந்த ஆங்கிலேயர்கள் இதைப் பார்த்து வியந்து "மெட்ராஸ் சுன்னம்" என்று பெயர் வைத்தார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் முகம் பார்க்கும் கறுப்புத் தரையைப் பார்த்திருப்பீர்கள். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று அதற்கு ஒரு பட்டியல் சொல்வார்கள். எது சேர்த்தாலும், மினுமினுப்பு வந்தது தேய்த்த கையால்தான்.

நம் கல்லின் கதை

சுண்ணாம்பு என்று வந்துவிட்டால் நம் ஊரைச் சொல்லாமல் போக முடியுமா? கல்லங்குறிச்சி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கலியுக வரதராசப் பெருமாள் கோயில். ஆனால் புவியியல் படிப்பவர்களுக்குக் கல்லங்குறிச்சி என்பது ஒரு பாறை அடுக்கின் பெயர். அரியலூர்ப் பாறைத் தொகுதியில் "கல்லங்குறிச்சிப் படிவம்" என்று ஓர் அடுக்கு இருக்கிறது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பி, கிளிஞ்சல் முதலிய உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து இறுகியதுதான் நம் சுண்ணாம்புக்கல். சுரங்கத்துப் பக்கம் மாடு மேய்த்த பிள்ளைகள் கல்லாய்ப் போன சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைப்பார்கள். இப்போது வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது.

ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் நம் பகுதியை நடந்து ஆராய்ந்து 1862இல் அறிக்கை எழுதினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக இந்தப் பாறைகளைப் பிரித்தவர் அவர்தான். பின்னர் ஸ்டோலிஸ்கா என்ற அறிஞர் இங்குள்ள கடலுயிர்ப் படிவங்களை விரிவாக விவரித்துப் பல தொகுதிகள் எழுதினார்.

லால்குடி வட்டம் கருடமங்கலத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் முழுக்க முழுக்கச் சிப்பிகளால் ஆனது. அதை அறுத்துத் தேய்த்தால் உள்ளே சிப்பிகளின் வடிவம் தெரிய, பளிங்கு போல மினுங்கும். "திருச்சினாப்பள்ளி மார்பிள்" என்று பெயர் வைத்து மேசைப்பலகைக்கும் அலங்காரப் பொருளுக்கும் பயன்படுத்தினார்கள். வயலோரத்தில் மங்கிக் கிடக்கும் அதே கல்தான். தேய்த்தவனுக்கு மட்டும் உள்ளே இருப்பது தெரிந்தது.

சிமெண்ட் வந்த வழி

1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் "போர்ட்லண்ட் சிமெண்ட்" என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைத்த பொடி. இன்றைய ஆலைகளில் ஏறக்குறைய 1450 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். சுண்ணாம்புக் காரை இறுக மாதங்கள் ஆகும். சிமெண்ட் சில மணி நேரத்தில் இறுகிவிடும். வித்தியாசம் அங்கேதான் தொடங்கியது.

நம் நாட்டில் சிமெண்ட் செய்ய 1904இல் சென்னையில் முயன்றார்கள், நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் வெற்றி கிடைத்தது. நம் பக்கத்தில் 1939இல் கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்தது. ஊர்ப் பெயரே டால்மியாபுரம் ஆனதும், 1953இல் அதை எதிர்த்துக் கலைஞர் தலைமையில் ரயில் மறியல் நடந்ததும் நீங்கள் படித்த வரலாறு. 1979இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தனியார் ஆலைகள். இன்று லாரிகள் ஓடாத சாலை நம் மாவட்டத்தில் ஏது?

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் வீட்டுக் கூடத்துக்குச் சிவப்புத் தரை போட்டது 1973இல். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அந்தக் காலத்தில் சிமெண்டுக்குக் கடும் தட்டுப்பாடு. விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. வீடு கட்டப் பர்மிட் வாங்க வேண்டும். மகாராஷ்டிர முதல்வராக இருந்த அந்துலே, சிமெண்ட் ஒதுக்கீட்டு விவகாரத்தில்தான் 1982 தொடக்கத்தில் பதவி விலகினார் என்றால், சிமெண்ட் எவ்வளவு பெரிய பொருளாக இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1982இல் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினார்கள். 1989இல்தான் முழுவதும் எடுத்தார்கள். சுண்ணாம்புக்கல்லின் மேலேயே குடியிருந்த நாங்கள் சில மூட்டை சிமெண்டுக்காக அப்பாவின் மனுவோடு மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

சிவப்புத் தரையை எப்படிப் போட்டார்கள்

சிமெண்ட் கிடைப்பது அரிது என்பதால்தான் அந்தத் தரை அப்படி அமைந்தது. இதைச் சற்று கவனமாகப் படியுங்கள்.

அடியில் மண் நிரப்பி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்தார்கள். அதன் மேல் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டினார்கள். இதுவரை சிமெண்ட் கிடையாது. இதற்கு மேல்தான் மெல்லியதாக ஒரு சிமெண்ட் சாந்து. அது ஈரமாக இருக்கும்போதே, சிமெண்டும் ரெட் ஆக்சைடு பொடியும் சலித்துக் கலந்த கலவையை மேலே பூசி, இரும்புக் கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். சில மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம்.

அந்த ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு. துருப்பிடித்த இரும்பின் சிவப்பும் காவிக்கல்லின் சிவப்பும் அதுவே. சுண்ணாம்பின் காரமும் வெயிலும் அதன் நிறத்தை ஒன்றும் செய்யாது. அதனால்தான் ஐம்பது வருடம் ஆனாலும் உள்ளே நிறம் அப்படியே இருக்கிறது. சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பொடி சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பலம் குறையும். ஓரத்தில் கறுப்புக் கரை. நடுவில் நூல் போட்டு அழுத்திய கட்டங்கள். அந்தக் கட்டங்களில்தான் நாங்கள் பாண்டி ஆடினோம்.

கரண்டி பிடிப்பவருக்கு நேரம் தெரிய வேண்டும். சீக்கிரம் தேய்த்தால் தண்ணீர் மேலே வந்து பூச்சு பொரியும். தாமதித்தால் கரண்டி ஏறாது. ஒரு அறையை ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஒட்டு தெரியும். எங்கள் கூடத்தைக் காலையில் தொடங்கிய கொத்தனார் அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில்தான் எழுந்தார். பின்னாலேயே நகர்ந்தபடி வாசல் வழியாக வெளியே வந்தார். மறுநாள் ஓரமெல்லாம் மண்ணால் வரப்பு கட்டி, பத்து நாள் தண்ணீர் நிறுத்தினார்கள். பிறகு கல்லால் தேய்ப்பு. அதன் பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்ப்பு.

சிமெண்ட் குறைவு, கைவேலை அதிகம். பொருளுக்குப் பதிலாகத் திறமை போட்ட தரை அது. மேலே பூசிய பாலிஷால் வந்த பளபளப்பு அல்ல அது. கரண்டி அழுத்திய அழுத்தத்தில் சிமெண்டின் கண்கள் மூடிக்கொண்டதால் வந்தது.

இலங்கையிலும் இதே சிவப்புத் தரைதான். அங்கே பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைக் காலால் அழுத்தி ஓட்டித் தேய்ப்பார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் அதே தேங்காய் மட்டையால் மரத்தரையைத் தேய்ப்பது வழக்கம். தரை வேறானாலும் தேய்க்கும் வேலை ஒன்றுதான்.

பிறகு ஏன் மங்கியது?

நாம் மேலே மேலே சேர்த்ததால்தான். தகர டப்பாவில் வந்த சிவப்பு மெழுகைத் தீபாவளிக்குத் தீபாவளி பூசினோம். பழைய மெழுகை எடுக்கவில்லை. கறை போக என்று ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். சுண்ணாம்புக்கல்லின் மேல் ஆசிட் விட்டால் நுரைத்துப் பொங்குவதை வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். சிமெண்டிலும் இருப்பது அந்தச் சுண்ணாம்புதான். ஆசிட் அதை அரித்து, மூடியிருந்த கண்களைத் திறந்துவிடும். பிறகு அழுக்கு உள்ளே இறங்கும். போதாததற்கு உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் படலம். ஒரு கல்யாணத்தின்போது நடைப் பகுதியில் எனாமல் பெயின்ட் அடித்தார்கள். அது இப்போது செதில் செதிலாக உரிகிறது.

மரத்தரைக்கு நடந்தது போலத்தான். தரை கெடவில்லை, மேலே ஏறியது கெட்டிருக்கிறது.

மீட்பது எப்படி?

தேவையானவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஒரு நாணயத்தால் தரையை இடம் இடமாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. பொள்ளலாகக் கேட்டால் அந்த இடத்தில் மேல்பூச்சு அடியை விட்டுப் பிரிந்திருக்கிறது. அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

2. ஓரத்தில், கட்டிலுக்கு அடியில், ஒரு சாண் சதுரம் மட்டும் சோதித்துப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள், தேங்காய் நார். அதிலேயே பாதி அழுக்கு போய்விடும். போகாத பழைய மெழுகைத் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தால் சிவப்பாகக் கரைந்து வரும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது.

3. பெயின்ட் அடித்த இடத்தைத் தகட்டால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். மொசைக் பாலிஷ் போடும் மெஷினைக் கொண்டுவந்து கரடுமுரடான கல்லில் தொடங்கவே கூடாது. சிவப்பு சில மில்லிமீட்டர்தான் என்று சொன்னேன். ஒரே மணி நேரத்தில் அது போய்ச் சாம்பல் நிறம் தெரிந்துவிடும். தேய்க்கத்தான் வேண்டும் என்றால் நைஸான கல், நிறையத் தண்ணீர், மெதுவான கை.

4. விரிசலை வெறும் சிமெண்டால் அடைக்காதீர்கள். சிமெண்டும் ஆக்சைடும் நைஸ் மணலும் சேர்த்து மூன்று நான்கு அளவுகளில் சின்னச் சின்ன வில்லை செய்து காயவைத்து, தரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஈரத்தில் கருஞ்சிவப்பாகத் தெரிவது காய்ந்தால் வெளுக்கும். ஒரு வாரம் பொறுத்துத்தான் நிறத்தை முடிவு செய்ய வேண்டும். அடைத்த இடத்தில் ஈரத்துணி போட்டு வையுங்கள்.

5. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. எங்கிருந்தோ ஈரம் ஏறுகிறது. குளியலறைத் தண்ணீர், கூரை ஒழுக்கு, வாசல் மட்டம் உயர்ந்து மழைநீர் தேங்குவது, இவற்றில் ஒன்றாக இருக்கும். அதைச் சரிசெய்த பிறகுதான் தரைக்கு வைத்தியம்.

6. நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லியதாக ஆளிவிதை எண்ணெய் அல்லது தேன்மெழுகு. துணியால் சூடு பிறக்கத் தேய்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் காயாது. அதிகமானால் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.

7. குளியலறைப் பக்கமும், வயதானவர்கள் இரவில் எழுந்து நடக்கும் வழியிலும் மெழுகு வேண்டாம். அறுபதைத் தாண்டியவள் சொல்கிறேன், வழுக்கி விழுந்தால் எந்தத் தரை அழகும் உதவாது.

உடைக்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. பாதிக்கு மேல் பொள்ளலாகி, தரை அமுங்கி, பெயர்ந்து வந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும். சமையலறையும் குளியலறையும் டைல்ஸாக இருப்பது வீட்டுப் பெண்களுக்கு வசதி என்றால் அங்கே போட்டுக்கொள்ளட்டும். என் பேச்சு கூடத்தையும் தாழ்வாரத்தையும் திண்ணையையும் பற்றியது. அங்கே தட்டிப் பார்த்தேன். முன்கதவு அருகில் இரண்டு இடம் தவிர எல்லாம் கெட்டியாக இருக்கிறது.

டைல்ஸ் போட்டால் இரண்டு நாளில் வேலை முடியும், துடைப்பது சுலபம் என்பதும் உண்மை. ஆனால் ஈரம் ஏறும் பழைய வீட்டில் தரையை முழுக்க மூடிவிட்டால், இதுவரை சுண்ணாம்பு வழியாக ஆவியாகிக்கொண்டிருந்த ஈரம் சுவரைத் தேடிப் போகும். சுவர் பூச்சு உதிரும்போது நாம் பெயின்ட்காரரைத் திட்டுவோம்.

நம் மாவட்டத்தில் உடைப்பது புதிதல்ல. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில், தொல்லியல் துறை தோண்டிய பிறகு அடித்தளச் செங்கற்களும் கூரை ஓடுகளும்தான் மிஞ்சித் தெரிகின்றன. 1836இல் கொள்ளிடத்தில் அணைக்கரை கட்டியபோது அந்தப் பெரிய கோயிலின் சுற்றுமதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணை விவசாயத்துக்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் மதில் திரும்ப வரவில்லை.

நம் கூடம் கோயில் மதில் அல்லதான். அதற்குக் கல்வெட்டு இல்லை. எந்தத் துறையும் பாதுகாக்க வராது. ஆனால் அந்தத் தரையில் இருப்பதைக் கணக்குப் பாருங்கள். 7 கோடி வருடச் சிப்பி. அப்பாவின் மனு. பெண்கள் தட்டிய ஜல்லி. ஒரு கொத்தனார் பின்னோக்கி நகர்ந்து முடித்த ஒரு நாள். சாண மெழுகலிலிருந்து என் அம்மாவுக்குக் கிடைத்த விடுதலை. ராமநவமிக்கு வரும் சொந்தங்கள் பாய்கூட இல்லாமல் வரிசையாகப் படுத்துத் தூங்கிய குளிர்ச்சி. மோர்பியிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும் டைல்ஸ் எந்த ஊர் வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கும். இந்தத் தரை வேறெங்கும் கிடைக்காது. அதைப் போடத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே போகின்றன.

தம்பிக்கும் அவன் மனைவிக்கும் என் யோசனை இதுதான். ஒரு சாண் சதுரம் மட்டும் கழுவிப் பாருங்கள். அது காய்ந்த பிறகு முடிவு எடுங்கள். என்ன முடிவானாலும் எனக்குச் சம்மதம்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் பழைய தரை இருந்தால் அது என்ன தரை, எந்த வருடம் போட்டது, யார் போட்டது என்று கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள். என் மாணவர்களில் கொத்தனார் வேலை பார்ப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ ஆக்சைடு தரை போட்டவராக இருந்தால், அவர் கலவை போட்ட அளவையும், கரண்டி பிடித்த நேரக் கணக்கையும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. கைப்பழக்கமாகவே இருந்தது. கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்